பல்லவி எத்தனை முறை?

பல்லவியை எத்தனை முறை திரும்ப வாசிக்க வேண்டும் என்று என் கணினியின் இசை மென்பொருள் கேட்கிறது. கட்டத்தைக் காலியாக விட்டால் சிவப்பாகிறது.

அப்பாவின் மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஞாயிறு பூசையில் அவருடைய கீபோர்டுக்குப் பதிலாக ஒலிக்க, மக்கள் வரிசையில் வந்து அப்பம் வாங்கும்போது பாடும் நற்கருணைப் பாட்டை ஒரு கோப்பாக்கி அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. நான் கோவிலுக்குப் போய் ஆறு வருடமாகிறது. சுருதி, வேகம், மூன்று சரணங்கள் எல்லாம் போட்டாயிற்று. இந்த எண்தான் பாக்கி.

எட்டு வயதில் அந்த எண்ணுக்கு ஆள் கணக்குச் சொல்வது என் வேலை. கீபோர்டு பக்கத்தில் முக்காலியில் உட்காருவேன். மெழுகு வாசனையும் பாடற்குழு அத்தைகளின் மல்லிகையும் மின்விசிறிக் காற்றில் கலந்து வரும். அப்பா தலையைத் திருப்பாமலே கேட்பார்.

"இன்னும் எத்தனை பேரு?"

"பன்னெண்டு, ப்பா."

"ஊன்றுகோல் தாத்தா?"

"கடைசியா நிக்கிறாரு."

"அப்ப ரெண்டு தடவை" என்று குழுவுக்கு முகவாயால் சைகை காட்டுவார். கடைசி ஆள் நற்கருணை வாங்கும்வரை பாட்டு நிற்கக் கூடாது.

இப்போது தொலைபேசியில், "நாலுன்னு போடவா?" என்றேன்.

"கூட்டம் வந்தாத்தானே தெரியும் லா."

நான்கு, ஆறு, எட்டு, எதைப் போட்டாலும் தப்பு. முடிவில்லாமல் சுழலவிடலாம், ஆனால் வரிசையைப் பார்த்து யாராவது நிறுத்த வேண்டும்.

"யாரு நிறுத்துவா?"

"எல்லாரும் பாடிக்கிட்டு இருப்பாங்களே" என்றார் அப்பா, மிகச் சாதாரணமாக. "பூசை ஒன்பது மணிக்கு. எட்டரைக்கே வந்துடு."