மெட்டிக்குச் சுற்றிய பிளாஸ்திரி

என் மேசை இழுப்பறையில் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரிச் சுருள் எப்போதும் கிடக்கும். தீரத் தீரப் புதிதாக வாங்கி வைத்துவிடுவேன். அஸ்தம்பட்டியில் மாடியில் இருக்கும் இந்த நடன வகுப்புக்கு வருகிறவர்கள், அடிபட்டால் ஒட்டுவதற்கு என்றுதான் நினைப்பார்கள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் தறிக்கார அக்காவின் கால்விரல்கள் ஞாபகம் வரும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். இங்கே கூட்டித் துடைக்கத்தான் சேர்ந்தேன். ஃபோன் எடுக்கிற பெண் நின்றுபோனதும் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. எதற்கு என்ன உடுத்துவது என்று கேட்பவர்களுக்கு நான்தான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று ஒரே பயம். கதவோரம் நின்று பார்த்துப் பார்த்துத்தான் மனப்பாடம் செய்தேன். பரதத்துக்குப் பருத்திப் புடவை, உள்ளே பைஜாமா, வெறுங்கால். முதல் மாதம் முட்டியை மடக்கி நிற்கிற அரைமண்டியிலேயே தொடை விட்டுப்போகும். ஹிப்ஹாப்புக்குத் தொளதொள பேண்ட், முட்டிக்கு உறை, ஏனென்றால் தரையில் விழுந்து எழ வேண்டியிருக்கும். ஜும்பாவுக்கு டி-சர்ட், தெருவில் போடாத ஷூ, தண்ணீர் பாட்டில். வெறும் சாக்ஸோடு மட்டும் ஏறவே கூடாது, மரத்தரை வழுக்கிவிடும்.

அக்கா ஜலகண்டாபுரத்திலிருந்து ஞாயிறு காலை ஜும்பாவுக்கு வந்தார். அன்றுதான் தறிக்கு லீவு. மகளின் சுடிதார் பேண்ட், மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை. குதிக்கும்போது தாலி முகத்தில் அடிக்காமல் ஊக்கால் உள்ளே குத்தியிருந்தார். காலில் மட்டும் ஷூ இல்லை. ஃபோனில் நான் சொன்னேனே என்று பதறினேன். போட்டுப் பார்த்ததாகவும், மெட்டி விரலை நசுக்குவதாகவும் சொன்னார். ஆட்டம் சொல்லித்தரும் மாஸ்டர் நல்லவர்தான். ஆனால் தரை புதிதாகப் போட்டது, வெறும் மெட்டி கீறிவிடும். ஷூ போடுங்கள், இல்லாவிட்டால் மெட்டியைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்றார்.

உள்ளே ஒரு பெண், "அக்காவுக்குக் கோலாட்டந்தான் சரிப்படும்" என்றாள்.

"அதுக்கும் வாரேன் கண்ணு, எந்தக் கெழமைன்னு சொல்லு" என்று அவளிடம் சொல்லிவிட்டு அக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினார். "இருவது வருசமா தறிகிட்ட நின்ன காலுங்க இது. ஒரு மணி நேரமாச்சும் அது இஷ்டத்துக்கு ஆடட்டும்னு வந்திருக்கேன். மெட்டியையும் கழட்ட மாட்டேனுங்க, திரும்பியும் போக மாட்டேனுங்க."

பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்தார். தறியில் விரல் கிழிந்தால் அதைச் சுற்றிக்கொண்டுதான் வேலை செய்வார்களாம். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கால் மெட்டிக்கும் நாலு சுற்று சுற்றினார். கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று மாஸ்டர் பொதுவாகக் கேட்டார். இம்மாதிரிக் கேள்விக்கு நான் வாய் திறப்பவளே இல்லை.

"நானுங்க. கிளாஸ் முடிஞ்சதும் குனிஞ்சு பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அந்த ஒரு மணி நேரமும் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்தேன். அக்கா முதல் வரிசையில் ஸ்பீக்கரை ஒட்டி நின்றார். திமிர் என்று சிலர் முணுமுணுத்தார்கள். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது பாதி போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் இடப்பக்கம் திரும்பியபோது அவர் வலப்பக்கம் திரும்பினார். ஆனால் ஒரு பாட்டுக்கும் நிற்கவில்லை. முடிந்ததும் நான் கன்னத்தைத் தரையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கீறல் இல்லை. மூன்றாம் வாரம் ஒன்று இருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. ஸ்பீக்கர் ஸ்டாண்டை யாரோ இழுத்த தடம் அது.

ஒரு வருடம் விடாமல் வந்தார். குடும்பத்தோடு குமாரபாளையம் போகும் முன் பாதிச் சுருளை என் மேசையில் வைத்தார். "இருக்கட்டும் சாமி, இன்னொருத்தி வருவா."

அதன்பின் ஃபோனில் ஷூ பற்றிச் சொல்லும்போதே, மெட்டி உண்டுங்களா என்றும் கேட்டுவிடுகிறேன். நிறையப் பேருக்குக் கிழித்துக் கொடுத்தாயிற்று. இந்த ஞாயிறு ஜும்பாவுக்கு என் பெயரையும் எழுதியிருக்கிறேன். சிரிப்பார்களோ, மூச்சு வாங்குமோ என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் இழுப்பறையைத் திறந்து என் மெட்டிக்கு நாலு சுற்று சுற்றிவிட்டேன். நிற்கப் போவது முதல் வரிசையில், ஸ்பீக்கரை ஒட்டி. முடிந்ததும் தரையைக் குனிந்து பார்ப்பதும் நான்தான்.