அனுமதிக்குக் காத்திருந்த மூன்று வரி

போன கிழமை எனது பதவி ஒன்று பறிபோனது. பறித்தது நியாயம்தான்... கேளுங்கள்.

சுனாமி நிவாரண வேலைக்காக எங்கள் நிறுவனத்துக்குக் கல்முனை, பொத்துவில், திருக்கோவில் மூன்று ஊர்களிலும் அலுவலகங்கள். நான் கல்முனையில். ஓரிடத்தில் படித்த பாடம் மற்ற இடங்களுக்கும் போக வேண்டும் என்று, ஊழியர்கள் மட்டும் எழுதிப் படிக்க ஓர் இணையத்தளம் திறந்தார்கள். பொறுப்பாளர் — நான்! நான் 'சரி' சொன்னால்தான் எதுவும் வெளியாகும்.

விடுவேனா? பதினான்கு விதிகள் எழுதினேன். 'அறிவுப் பகிர்வின் அவசியம்' என்று ஐந்து பாகக் கட்டுரையும் போட்டேன். நான்கு தடவை திறக்கப்பட்டதாகக் காட்டியது. நான்கு தடவையும் திறந்தது நான்தான்.

ஒருநாள் திருக்கோவில் கள உத்தியோகத்தர் சுமதியிடமிருந்து மூன்று வரி வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். தலைப்பும் இல்லை.

'கடல்தண்ணி பூந்த கிணத்த முழுசா இறைக்க வேணாம். இங்க இறைச்சுப் பாத்தம். அடியில இருந்து இன்னும் உப்புத்தான் ஊறுது.'

நான் என்ன செய்தேன்? 'தமிழ் எழுத்தில், தகுந்த தலைப்புடன் மீள அனுப்பவும்' என்று திருப்பி அனுப்பினேன். அன்று முழுக்க எனக்கொரு பேராசிரியர் மிடுக்கு!

அடுத்த வாரம், கல்முனைக் கடற்கரையோரத்தில், ஊருக்கே அக்காவான ஸித்தி ராத்தாவின் கிணற்றை எங்கள் ஆட்கள் மோட்டார் வைத்து அடிவரை இறைத்தார்கள். மூன்றாம் நாள் ராத்தா ஒரு வாளித் தண்ணீரோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார்.

"முதல்ல சட்டிமுட்டியாவது கழுவின நாங்க தம்பி. இப்ப அதுக்கும் ஏலா. வாயில வெச்சுப் பாருங்க!"

வைத்தேன். யா அல்லாஹ்... அச்சொட்டாகக் கடல்! அப்போதுதான் அந்த மூன்று வரி ஞாபகம் வந்தது. சுமதிக்கு ஃபோன் எடுத்தேன்.

"நான் அண்டைக்கே எழுதின நான்தானே சேர். நீங்கதானே தலைப்புக் கேட்டீங்க?"

"திருத்தி அனுப்பியிருக்கலாமே..." அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இந்தக் கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்து இல்ல. இங்க கிணறெல்லாம் கெட்டுக் கிடக்கு சேர். நான் தலைப்புத் தேடிக்கொண்டு இருக்கவா?"

மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "இனி யாரும் நேரடியா எழுதலாம்," என்றார் மேலாளர். என் பதவி அத்தோடு சரி.

சுமதியின் வரிகள் அன்று காலையே வெளியாகின. மத்தியானத்துக்குள் பொத்துவிலிலிருந்து பதில்: 'நாளைக்கு இறைக்க இருந்த நாங்க. நிப்பாட்டிட்டம்.'

ராத்தாவின் கிணறு தேற மழை வரவேண்டும். அதுவரை அவர் வாசலில் தண்ணீர் பவுசர் வண்டி நிற்கிறது. என்னைக் கண்டால் ராத்தா சிரிக்கிறார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

விஷயம் தெரிந்தவர் திருக்கோவிலில் இருந்தார். தெரிய வேண்டியவர்கள் கல்முனையில் இருந்தார்கள். நடுவில் நான் இருந்தேன்!