பில் இல்லாத நஷ்டம்

ஆபீசில் அவருக்குப் பல்லி என்று பெயர். சுவரோடு சுவராக ஒட்டி, இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார். முதலில் விசேஷங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எல்லார் கையிலும் கேமரா போன் வந்ததும் அந்தப் பிழைப்பு படுத்துவிட்டது. பிறகு ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி அவரைச் சேர்த்துக்கொண்டது. விபத்தில் அடிபட்டு நஷ்டஈடு கேட்பவர்களை, அவர்களுக்குத் தெரியாமல் படம் பிடிக்க வேண்டும். நடக்க முடியாது என்று மனுவில் எழுதியவர் நடக்கிறாரா, குனிய முடியாது என்றவர் குனிகிறாரா, அதுதான் வேலை.

பத்து வருடத்தில் அவருக்குச் சட்டமே பாதி அத்துப்படி. அவரைப் பொறுத்தவரை நஷ்டம் இரண்டே வகை. ஆஸ்பத்திரிச் செலவு, மருந்து, போய்வந்த வண்டி வாடகை, படுத்திருந்த நாட்களின் சம்பளம், கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்குக் கொடுத்த கூலி எல்லாம் பில் இருக்கும் நஷ்டம். அதில் யாரும் அதிகம் விளையாட முடியாது. இனிமேல் சம்பாதிக்க முடியாமல் போவது, வலி, மனவேதனை, முன்பு போல ஓடியாடி இருக்க முடியாதது, இதெல்லாம் பில் இல்லாத நஷ்டம். இதற்கும் கோர்ட் தொகை போடும். ஆனால் நம்ப வேண்டும்.

"வலிக்கு எவன் ரசீது குடுப்பான்?" என்று டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிப்பார். அந்த இடத்தில்தான் அவருடைய கேமரா நுழையும்.

டைல்ஸ் ஒட்டும் ஒருவரின் வழக்கு வந்தது. கட்டட வேலை நடந்த இடத்தில் பின்னால் வந்த லாரி, குனிந்திருந்த அவரை இடித்துச் சுவரோடு தள்ளியிருந்தது. முதுகெலும்பில் இரண்டு ஆபரேஷன். குத்துக்கால் வைத்து உட்கார முடியாத டைல்ஸ்காரருக்கு வேறு என்ன வேலை தெரியும்? எடை எதுவும் தூக்க முடியாது என்று டாக்டர் எழுதியிருந்தார்.

பல்லி அவர் வீட்டுக்கு எதிரே வேனை நிறுத்திக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு ஸ்கூல் வேன் வந்தது. ஐந்து வயது மகள் இறங்கி ஓடிவந்தவள், தெரு நடுவில் தடுக்கி விழுந்தாள். வளைவில் ஒரு பைக் திரும்பியது. வாசலில் நின்ற டைல்ஸ்காரர் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். பிள்ளையை வாரி எடுத்து, நெஞ்சோடு அணைத்து, நான்கு எட்டு வைத்து வாசலுக்கு வந்துவிட்டார். பதினாலு செகண்ட்.

அதன் பிறகு அவர் படியில் சரிந்தார். கனத்த பீரோவைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. மகள் ஒன்றும் புரியாமல் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் வந்து அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகும்வரை பதினோரு நிமிடம். அத்தனையும் கேமராவில் பதிவாகியிருந்தது. பல்லிக்கு நிறுத்தும் பட்டனை அமுக்கத் தோன்றவில்லை.

"பதினாலு செகண்ட் போதும்," என்றார் மேனேஜர். பல்லி வெட்டிக் கொடுத்தார்.

கோர்ட்டில் திரையில் அது ஓடியது.

"தூக்கினீங்களா இல்லையா?" என்று கம்பெனி வக்கீல் கேட்டார்.

"பாப்பா விழுந்துட்டா சார்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"தூக்கினேன்."

பில் இருந்த நஷ்டம் முழுதாகக் கிடைத்தது. வருங்கால வருமானத்துக்கும் வலிக்கும் கேட்டது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. பல்லியை மேனேஜர் தோளில் தட்டினார்.

ஒரு வாரம் கழித்து அந்தச் சத்தம் வர ஆரம்பித்தது. மனைவி சமையலறையில் நாற்காலியை நகர்த்தினால் வரும். பஸ் பிரேக் போட்டால் வரும். சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். யாரும் இருக்க மாட்டார்கள். தன் முதுகில் ஒரு சின்னக் கை ஊர்வது போல இருக்கும். சட்டையைக் கழற்றி உதறுவார். கடைசியில், பார்த்துவிட்டால் விட்டுவிடும் என்று நினைத்து, முழுப் படத்தையும் வீட்டில் போட்டுப் பார்த்தார். தினமும் பார்த்தார்.

ஒரு மத்தியானம் மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"யாருங்க இது?"

சொன்னார். அவள் உட்கார்ந்து பதினோரு நிமிடமும் பார்த்தாள்.

"இத கோர்ட்டுல காட்டினாங்களா?"

"முன்னாடி இருக்கற பதினாலு செகண்ட்."

"மிச்சத்த யாரு வெட்டினா?"

அவர் படத்தை நிறுத்தினார். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள். அன்று வீட்டில் சமையல் நடக்கவில்லை.

மறுநாள் அவர் டைல்ஸ்காரரின் வக்கீலைத் தேடிப் போனார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. வக்கீலம்மா படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பீல்ல கூண்டுல ஏறி நீங்களே சொல்லணும். வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"வீட்ல இருக்க முடியல மேடம்."

அப்பீலில் அவரைக் கம்பெனி வக்கீல் உரித்து எடுத்துவிட்டார். "அன்னைக்குப் பொய், இன்னைக்கு உண்மையா?" என்று கேட்டதற்கு, "ஆமாங்க, வெட்டினது நான்தான்," என்றார் பல்லி. வேலை போனது. தீர்ப்பு மாறியது. வருங்கால வருமானம், வலி, இழந்துபோன சின்னச் சின்ன சந்தோஷங்கள், எல்லாத் தலைப்பிலும் டைல்ஸ்காரருக்குத் தொகை எழுதினார்கள்.

தீர்ப்பு வந்த அன்று வக்கீலம்மா அறைக்கு வெளியே மாடி வராந்தாவில் டைல்ஸ்காரர் அவரிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று பல்லி நினைத்தார். அடித்தால்கூடத் தேவலை போலிருந்தது.

"முழுப் படமும் உங்ககிட்ட இருக்கா சார்?"

"இருக்கு."

"அழிச்சிடுங்க. பாப்பா கண்ணுல பட்டுடக் கூடாது."

பல்லி தலையை ஆட்டினார்.

"மொதல்ல கேசு தோத்தப்ப சொந்தக்காரங்க வீட்ல பேசிக்கிட்டாங்க, இவளத் தூக்கினதாலதான் போச்சுன்னு. அவ கேட்டுட்டா. அன்னையிலேர்ந்து எங்கிட்ட வர்றதே இல்ல சார். விழுந்தாலும் அழாம தானே எந்திரிச்சு நிக்கறா. கைய நீட்டினா ரெண்டடி பின்னாடி போறா."

வக்கீலம்மா பக்கத்தில்தான் நின்றார். எந்தத் தலைப்பில் அந்த நஷ்டத்தைக் கேட்பது என்று அவருக்கும் தெரியவில்லை.

பல்லி போனை எடுத்து, அவர் பார்க்கவே படத்தை அழித்தார். வீட்டில் இருப்பதையும் அழித்துவிடுவதாகச் சொன்னார். "கோர்ட்ல ஒண்ணு இருக்கு. அத ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"அது கெடக்கட்டும். அங்க அவ வரமாட்டா."

டைல்ஸ்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் முதல் காலை வைத்தார்.

"பிடிச்சுக்கட்டுமா?" என்றார் பல்லி.

"வேணாம் சார்."

மொத்தம் இருபத்திரண்டு படிகள். ஒவ்வொன்றிலும் இரண்டு காலையும் வைத்து, நின்று, மூச்சு வாங்கி இறங்கினார். பல்லி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் கடைசிப் படி தாண்டித் தெருவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.