நாலாவது படி

எங்கள் பக்கத்தில் ஒருவர் உங்களைக் கிண்டல் செய்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மரியாதையாகப் பேச ஆரம்பித்தால்தான் பயப்பட வேண்டும். பக்கத்துப் பண்ணை நெவில் பாஸ்கோ இருபத்தாறு வருடமாக என் பழக் கேக்கைக் கிண்டல் செய்துவந்தார். "ஜோஸி, இதுல ரெண்டு துண்டு மிச்சம் இருந்தாக் குடு. வேலிக் கம்பம் ஒண்ணு ஆடுது, முட்டுக் கொடுக்கணும்" என்பார். சொல்லிக்கொண்டே மூன்று துண்டு தின்பார். என் முழுப்பெயர் ஜோசஃபின். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

நெவிலைத் தெரிய வேண்டுமென்றால் அவருடைய கொட்டகையைத் தெரிய வேண்டும். எங்கள் ஊர் வாரிங்காவில் கோதுமை விதைக்கிற குடும்பங்களில் அந்தக் கொட்டகையிலிருந்து எதையாவது இரவல் வாங்காத குடும்பம் கிடையாது. குழி தோண்டும் கருவி, இழுவை வண்டி, தண்ணீர் பம்ப், கல்யாணத்துக்கு நீள மேசை, எது கேட்டாலும் ஒரே பதில்தான். "எடுத்துக்கோ. போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போ." அறுபத்து மூன்று வயது, ஒல்லி ஆள், தொப்பியைச் சாவு வீட்டில் மட்டும்தான் கழற்றுவார். கொடுத்த சாமானை நாலு மாதம் கழித்து உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாலும், "பழசுதானே" என்று சொல்லிவிட்டு ரிப்பேர் பார்க்க உட்கார்ந்துவிடுவார்.

என் கணவன் கிளைவ் வேறு ரகம். நல்ல உழைப்பாளி, நல்ல மனசு, ஆனால் தன்னைப் பார்த்து நாலு பேர் சிரித்தால் தாங்காது. ஐம்பத்தெட்டு வயதில் இதென்ன வீம்பு என்று கேட்டால், அந்தக் கேள்வியை அவன் தங்கையின் கணவன் ரஸ்ஸலிடம்தான் கேட்க வேண்டும். அறுவடை முடிந்ததும் நாங்கள் இரு குடும்பமும் கடற்கரையில் பத்து நாள் தங்குவோம். புத்தாண்டுக் காலையில் ஆண்கள் எல்லாரும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரப்பாலத்தின் கோடியிலிருந்து தண்ணீரில் குதிப்பார்கள். போன தடவை கிளைவ் கோடி வரை போனான், கீழே எட்டிப் பார்த்தான், திரும்பி நடந்து வந்து படிக்கட்டு வழியாக இறங்கினான். அவ்வளவுதான். ரஸ்ஸல் பத்து நாளும் 'பயந்தாங்கொள்ளிக் கோழி' என்று சொல்லிக் கோழி மாதிரி கொக்கரித்தான். ஜூன் மாதம் கிளைவின் பிறந்தநாளுக்கு ஒரு டஜன் முட்டை அனுப்பிவைத்தான்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால், வைக்கோல் போரின் உச்சியில் என் கணவன் நிற்கிறான். இடுப்பில் நீச்சல் டவுசர், காலில் வேலைக்குப் போடும் பூட்ஸ். கீழே உதிரி வைக்கோலைக் குவித்து வைத்திருந்தான். ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டான். 'அட கிறுக்கா' என்று நான் வாயைத் திறப்பதற்குள் குதித்துவிட்டான். குவியலுக்கு ஒரு முழம் தள்ளி, காய்ந்த கட்டாந்தரையில் போய் விழுந்தான்.

முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ஒரு போர்வையைச் சுற்றி, பின் சீட்டில் போட்டுக்கொண்டு, நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினேன். மண்சாலைத் திருப்பத்தில் எதிரே நெவில் வந்தார். அந்தச் சாலையில் இரண்டு வண்டி சந்தித்தால் நின்று, கண்ணாடியை இறக்கி, நாலு வார்த்தை பேசாமல் போகிற வழக்கமில்லை.

"என்ன ஜோஸி, இந்தப் பறப்பு பறக்கறே? அடுப்புல கேக்கை வச்சுட்டு மறந்துட்டியா?"

பின் சீட்டிலிருந்து கிளைவ் முனகினான். உண்மையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கச் சிரிக்கும். எங்கள் முற்றத்தில் நின்ற தானியத் தொட்டி எப்படியோ என் மனசில் வந்து நின்றது. அறுத்த தானியத்தைக் கொட்டிவைக்கிற பெரிய தகரத் தொட்டி, பக்கத்தில் இரும்பு ஏணி.

"தொட்டி ஏணியில இருந்து தவறி விழுந்துட்டான்" என்றேன். வாய் கூசாமல்தான் சொன்னேன்.

நெவிலின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "எந்தத் தொட்டி? என்னோடதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது போன வாரம் அவரிடம் இரவல் வாங்கிய தொட்டி. அந்த நிமிஷம் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. பின் சீட்டிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வந்தது.

"நாலாவது படியா?" என்று நெவில் கேட்டார். "அது ஆடுதுன்னு எனக்குத் தெரியும். வெல்டிங் வச்சுட்டுத்தான் கொடுத்திருக்கணும். அடக் கடவுளே." எங்கள் இரண்டு பேரிடமிருந்தும் பதில் வராததைப் பார்த்து, "போ போ, நிக்காதே" என்று கையை ஆட்டினார்.

முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருந்தது. சின்ன ஆபரேஷன், பத்து வாரம் பயிற்சி என்றார் டாக்டர். அந்த வலியிலும் கிளைவ் கேட்ட முதல் கேள்வி, "புத்தாண்டுக்குக் கடலுக்குப் போகலாமா?"

"ஒழுங்கா பயிற்சி செஞ்சா தண்ணியில இறங்கலாம். குதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்" என்றார் டாக்டர்.

"குதிக்கறதா? யாரு குதிச்சா?" என்றான் என் கணவன்.

எனக்குப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை. வாரம் இரண்டு முறை கிளைவை அறுபது கிலோமீட்டர் தள்ளி பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. நெவில் வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வந்து வாசலில் வண்டியை நிறுத்தினார். பத்து வாரமும் ஒரு நாள் தவறாமல் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார். போகும்போதும் வரும்போதும் பேச்சே இல்லையாம். "மடக்க முடியுதா? வலிக்குதா?" இது மட்டும்தானாம். கிளைவ் கால் மேல் போர்வையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொள்வானாம்.

நவம்பர் மூன்றாவது வாரம் பார்லி முற்றிவிட்டது. கிளைவ் ஊன்றுகோலோடு வராந்தாவில் உட்கார்ந்து வயலைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தான். சனிக்கிழமை காலை சாலையில் புழுதி கிளம்பியது. மூன்று அறுவடை எந்திரங்கள். முதல் எந்திரத்தில் நெவில். அவருடைய பார்லியும் அதே அளவு முற்றி, அறுக்காமல் நின்றது. அதை விட்டுவிட்டு, இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வயலில் இறங்கினார். ஒன்றரை நாளில் முடித்துவிட்டார்கள்.

டீ கொண்டுபோனேன். நெவில் என் கேக்கை விரலால் தட்டிப் பார்த்து, "சுத்தியல் கொண்டாந்தியா ஜோஸி?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, தின்னாமல் தட்டிலேயே வைத்துவிட்டார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன்.

அவர் மனைவி மேவிஸ் என்னோடு சமையலறையில் கப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அவர் சரியாத் தூங்கி ஒரு மாசம் ஆச்சு ஜோஸி" என்றாள். "நேத்து ஹோவர்ட் வீட்டுல இருந்து பம்ப் கேட்டு வந்தாங்க. இல்லைன்னுட்டார். என் சாமானால இன்னொருத்தன் கால் போக வேண்டாம்னுட்டார். முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்றேன், அந்த மனுஷன் வாயில இருந்து இல்லைங்கற வார்த்தையக் கேட்டதே இல்ல."

நான் குழாயைத் திறந்து, கழுவிய கப்பையே மறுபடி கழுவினேன்.

எல்லாரும் போனபின் கிளைவிடம் வந்தேன். கணுக்காலில் மாவுப் பையைக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தான்.

"நெவில்கிட்ட உண்மையைச் சொல்லிடு."

"கடலுக்குப் போய்ட்டு வந்து சொல்றேன்."

"அது என்ன கணக்கு?"

"இப்ப சொன்னா ரஸ்ஸல் காதுக்குப் போயிடும். அப்புறம் நான் அந்தப் பாலத்துப் பக்கமே தலை காட்ட முடியாது."

"வெட்கமா இல்ல உனக்கு? உன் வயலை அறுத்துட்டுப் போறார் அந்த மனுஷன்."

"பொய் சொன்னது யாரு?" என்றான் அவன், காலைத் தூக்கியபடியே. "நான் 'ம்'னுதானே சொன்னேன்."

 அவனை நாலு வார்த்தை திட்டலாம் என்று வந்தவள், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல நின்றேன்.

டிசம்பர் முதல் வாரம் மழை பெய்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நெவிலின் பார்லி இன்னும் பாதிக்கு மேல் வயலில்தான் நின்றது. கதிர் கறுத்துவிட்டது, இனி மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும் என்றார்கள். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் சரியான நேரத்துக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து மூன்றாம் நாள் கடலுக்குக் கிளம்பினோம். கிளைவ் கோல் இல்லாமல் நடந்தான். காரில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது நெவில் வந்தார். வண்டியிலிருந்து நீளமாக ஒரு இரும்புக் கைப்பிடியை இறக்கினார். புதிதாக வெல்டிங் வைத்து, வெள்ளை பெயின்ட் அடித்திருந்தது.

"கடற்கரை வீட்டு வாசல்ல படி செங்குத்தா இருக்கும்னு முன்னாடி ஒரு தடவை சொன்னியே. இதை மாட்டிக்கோ. நாலு போல்ட்டுதான்" என்றார். பிறகு, போகாமல், பூட்ஸ் நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். "என்னை மன்னிச்சிடு கிளைவ். அந்தப் படி ஆடுதுன்னு தெரிஞ்சேதான் கொடுத்துட்டேன். இதைச் சொல்லணும்னு ரெண்டு மாசமா பார்க்கறேன், வண்டியில உன் பக்கத்துல உட்கார்ந்துகிட்டும் வாய் வரல."

கிளைவின் காது மடல் சிவந்தது. அவன் என்னைப் பார்த்தான். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது.

"அவன் ஏணியில இருந்து விழல நெவில்" என்றேன். "வைக்கோல் போர்ல இருந்து குதிச்சான். அன்னிக்கு ரோட்டுல நான் சொன்னது பொய்."

நெவில் என்னைப் புரியாமல் பார்த்தார். "அப்போ படி உடையலையா?"

"இல்ல."

"நாலாவது படி?"

"அதுல யாரும் காலே வைக்கல."

"நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் தொப்பியைக் கழற்றினார். காருக்குப் பின்னால் மாட்டியிருந்த எங்கள் இழுவை வண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, "நல்லாத்தான் இருந்துச்சு" என்று தனக்குத்தானே இன்னொரு முறை சொல்லிக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. அவர் கத்தியிருக்கலாம், கைப்பிடியைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஒன்றும் செய்யாமல் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷனின் நெஞ்சிலிருந்து இறங்கிய பாரம் எவ்வளவு என்று அப்போது என் கண்ணால் பார்த்தேன். அதை ஏற்றி வைத்தவள் நான்.

"எதுக்குக் குதிச்சே?" என்று கிளைவைக் கேட்டார். மரப்பாலம், ரஸ்ஸல், முட்டை, நீச்சல் டவுசர் எல்லாவற்றையும் கிளைவ் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். நெவில் வைக்கோல் போரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நான் வண்டிய நிறுத்திக் கேட்டப்போ, நீதானே சொன்னே?"

"ஆமா."

தலையை ஆட்டினார். தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்து, கைப்பிடியை எங்கள் வண்டியில் வைத்துக் கயிற்றால் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். "கேட்டைச் சாத்திட்டுப் போங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

புத்தாண்டுக் காலையில் கிளைவ் மரப்பாலத்தின் கோடிக்குப் போனான். கூட்டம் முழுக்க நிற்கையில், முட்டி எப்படிப் போனது என்று ரஸ்ஸலிடம் தானே சொன்னான். ரஸ்ஸல் சிரித்த சிரிப்பில் புரையேறி, நாலு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. கிளைவும் சிரித்தான். பிறகு படிக்கட்டு வழியாக இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்றான். இத்தனை வருடத்தில் அவன் அப்படி நிம்மதியாகக் கடலில் நின்று நான் பார்த்ததில்லை. நான் தண்ணீரில் இறங்கவில்லை. நெவிலின் வெள்ளைக் கைப்பிடி மாட்டிய படியில் பத்து நாளும் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் திரும்பியதும் முதலில் காதில் விழுந்த செய்தி, ஹோவர்ட் வீட்டுக்கு நெவில் பம்ப் கொடுத்துவிட்டார் என்பது. ஜனவரி கடைசியில், வைக்கோல் கட்டு ஏற்ற ஆள் வேண்டும் என்று கிளைவைக் கூப்பிட்டனுப்பினார். ஒரு கூட்டமே அங்கே நிற்க, கிளைவ் வைக்கோல் வண்டியில் ஏறக் காலை வைத்தான்.

"மெதுவா ஏறு கிளைவ், நாலாவது படி ஆடும்!" என்றார் நெவில். "டவுசர் கொண்டாந்தியா? இல்ல என்னோடதத் தரவா? இறங்கறப்போ மூக்கைப் பிடிச்சுக்கடா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. கிளைவின் முகம் சிவந்துவிட்டது, ஆனால் சந்தோஷமாக இருந்தான். அவனுக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

பத்து மணிக்கு நான் டீயும் கேக்கும் கொண்டுபோனேன். கேக் எப்போதும் போலத்தான் இருந்தது, கத்தி இறங்க மாட்டேன் என்றது. நெவில் ஒரு துண்டு எடுத்தார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தபடி நின்றேன். சுத்தியல் கேட்பார், வேலிக் கம்பம் என்பார், ஏதாவது ஒன்று சொல்வார் என்று நின்றேன். அவர் முழுத் துண்டையும் மென்று விழுங்கினார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க, ஜோசஃபின்" என்றார். "ரொம்ப நன்றி."