ஆள் இல்லாத துளையில் ஐந்து வோல்ட்

என் அம்மாவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வோல்ட் மீட்டரை எடுத்துக்கொண்டு எதையாவது அளக்க ஆரம்பித்துவிடுவாள். நான் ஒன்பதாம் வகுப்பில் இரண்டாம் முறை கோட்டை விட்ட அன்று வீட்டிலிருந்த அத்தனை பேட்டரியும் அளக்கப்பட்டன. செத்துப்போன மூன்றைக் குப்பையில் போட்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு அறை விட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போக்குவரத்து சிக்னல் பெட்டிகள் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. பதினோரு வருடமாக ஒரே மேசை. போர்டில் சிப்புக்கான சாக்கெட்டுகளை வைத்து, ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். சூடு பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகையே இல்லை. அவள் விரலை வைத்தால் அவளுடைய போனே அவளை யாரென்று கேட்கும்.

கோளாறு கண்டுபிடிக்கிற சோதனை மேசை தனி. அது படித்தவர்களுக்கு. அம்மா பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் பக்கத்து மேசைப் பேச்சில் காதை வைத்துப் பாதியும், அக்காவின் பழைய பாடப்புத்தகத்தில் கண்ணை வைத்து மீதியும் கற்றுக்கொண்டாள். சோதனை மேசைக்காரர் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியைக் கேட்டாள். போன வருடம் சேர்ந்த டிப்ளமோக்காரரும் கேட்டார். முதலாளி ஆளுக்கொரு கெட்ட போர்டைக் கொடுத்து, “வீட்ல வச்சுப் பாருங்க, திங்கக்கிழமை சொல்றேன்” என்று அனுப்பிவிட்டார்.

அம்மா பங்குக்கு வந்தது பிடிவாதக்கார போர்டு. கடைத்தெரு முனை சிக்னலுடையது. காலையில் சமர்த்தாக இருக்கும். வெயில் ஏறியதும் சிவப்பா பச்சையா என்று குழம்பிப்போகும். உடனே, தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்கிற காவல் சுற்று பயந்துபோய் நாலு பக்கமும் மஞ்சளை மினுக்கவிட்டுவிடும். ஏற்கெனவே மூன்று முறை சிப்பை மாற்றிவிட்டார்கள். பட்டறையில் வேலை செய்யும், முனையில் போய் மானத்தை வாங்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையலறை மேசையைத் துடைத்து அதன்மேல் போர்டை வைத்தாள். ஐந்து வோல்ட் கொடுத்தாள்.

“இந்தச் சிப்புக்கு ரெண்டே பேச்சுதான்” என்றாள். “இருக்குன்னா அஞ்சு பக்கம் நிக்கும். இல்லைன்னா பூஜ்யம் பக்கம் நிக்கும்.”

“நடுவுல நின்னா?”

“நடுவுல நிக்கறதுக்குத்தான் உன்னைப் பெத்து வச்சிருக்கேனே.”

சிப்பின் ஐந்தாம் கால் சிவப்புக்கு, ஆறாம் கால் பச்சைக்கு. அளந்தாள். ஒன்றில் நாலே முக்கால், இன்னொன்றில் பூஜ்யம். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“வெயில் வேணும்” என்றவள், அக்காவின் தலைமுடி உலர்த்தியை எடுத்துப் போர்டின் மேல் பிடித்து முடுக்கினாள்.

காலையில்தான் நான் அதற்குள் அரை டப்பா முகப்பவுடரைக் கொட்டியிருந்தேன். அக்காவுக்காகச் செய்த ஏற்பாடு. போர்டு, அம்மா, அடுப்பு எல்லாம் ஒரே வெள்ளை.

“அடியே!” என்று அக்கா உள்ளே இருந்து ஓடிவந்தாள். “அது என் தலைக்கு வச்சதுதானே?”

“ஆமா. அம்மா குறுக்க வந்துட்டாங்க.”

அம்மா தூரிகையால் போர்டைச் சுத்தம் செய்தாள். முகத்தைத் துடைக்கவில்லை. மூக்கு நுனி வெள்ளையாகவே மறுபடி உலர்த்தியைப் பிடித்தாள். மூன்று நிமிடம் ஆனது. மீட்டரில் எண் தடுமாறி இறங்கியது. ஐந்தாம் காலில் இரண்டு புள்ளி ஒன்று. ஆறாம் காலிலும் அதே இரண்டு புள்ளி ஒன்று.

“சிப்பு போச்சு” என்றாள் அக்கா.

“எல்லாரும் இப்படித்தான் சொன்னாங்க. மூணு சிப்பும் ஒரே மாதிரி கெட்டுப்போகுமா?”

சிப்பைப் பிடுங்கினாள். ஆறாம் காலை மட்டும் மெதுவாக வெளியே வளைத்து, மற்ற கால்களைச் சாக்கெட்டில் திரும்பச் செருகினாள். மறுபடி சூடு. இப்போது ஐந்தாம் கால் கம்பீரமாக ஐந்தைத் தொட்டு நின்றது. அந்தரத்தில் தொங்கிய ஆறாம் கால் சுத்தமான பூஜ்யம். தனித்தனியாக விட்டால் இரண்டும் தங்கம். சேர்த்து வைத்தால்தான் ஒன்று மேலே இழுக்கிறது, ஒன்று கீழே இழுக்கிறது. என்னையும் அக்காவையும் ஒரே அறையில் படுக்கப் போட்ட மாதிரி.

அடுத்து அவள் செய்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புல்லரித்தது. கால் இல்லாமல் காலியாகக் கிடந்த ஆறாம் துளையில் மீட்டர் முனையை வைத்தாள். அங்கே யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் ஐந்து வோல்ட் வந்தது.

“ஆளே இல்லாத வீட்ல வெளக்கு எரியுது பாத்தியா? பக்கத்து வீட்ல இருந்து கள்ளத்தனமா கம்பி வருது.”

சாக்கெட்டைக் கழற்ற அரை மணி நேரம் ஆனது. அடியில், ஈரம் புகாமலிருக்க அடித்த வார்னிஷுக்குள், தலைமுடி கனத்தில் ஒரு கம்பித் துண்டு. ஒட்டிய பிறகு நறுக்கிவிட்ட மிச்சம். குளிர்ந்திருக்கும்போது வார்னிஷ் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. சூட்டில் இளகியதும் ஐந்துக்கும் ஆறுக்கும் போகிற இரண்டு செம்புத் தடத்தையும் தொட்டிருக்கிறது. எத்தனை சிப் மாற்றினாலும் சாக்கெட்டுக்கு அடியில் கிடப்பது எப்படிப் போகும்?

நான் கைதட்டினேன். அம்மா தட்டவில்லை. போர்டின் பின்பக்க மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு பச்சைப் புள்ளி. ஒட்டுகிற ஒவ்வொருவருக்கும் பட்டறையில் ஒரு நிறம்.

“பச்சை யாரும்மா?” என்று கேட்டேன்.

“நான்தான்.”

அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “அந்தத் துண்டைக் குப்பையில போடும்மா. சாக்கெட்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. பதினோரு வருஷம் கழிச்சுக் கெடைக்கிற நாற்காலிம்மா.”

அம்மா அந்தத் துண்டை ஒட்டுநாடாவில் ஒட்டி, போனை மேசையில் வைத்து, ஒலிபெருக்கியில் முதலாளியை அழைத்தாள். இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், கெடைச்சுடுச்சு. சிப்புல ஒண்ணுமில்ல. சாக்கெட்டுக்கு அடியில வெட்டுன கம்பித் துண்டு.”

“அப்படிப் போடு! எந்தப் புண்ணியவான் பாத்த வேலை அது?”

“நான் பாத்த வேலைதான் சார். பச்சைப் புள்ளி இருக்கு.”

அந்தப் பக்கம் அவர் தொலைக்காட்சியை அணைக்கும் சத்தம் கேட்டது.

“இதை ஒட்டுன வாரத்துல மொத்தம் பதினாலு போர்டு ஒட்டினேன் சார். மத்த பதிமூணையும் கழட்டிப் பாக்கணும்.”

“பதிமூணா! ஏம்மா, ஊர்ல இருக்கிற சிக்னலையெல்லாம் அவுத்துக் கையில குடுக்கச் சொல்றியா?”

“ஆமா சார்.”

“நாளைக்கு நாற்காலி விஷயம் சொல்றேன்னேனே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

“இருந்துமா சொல்ற?”

“இந்தத் தடவை மஞ்சளோட நின்னுச்சு. அந்தக் காவல் சுத்தும் ஒருநாள் தூங்கிட்டா, ரெண்டு பக்கமும் பச்சை எரியும் சார்.”

அவர் போனை வைத்துவிட்டார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு எழுந்து நின்று சலாம் போடவேண்டும்போல இருந்தது. போடவில்லை. அப்புறம் என் மரியாதை என்னாவது?

திங்கட்கிழமை முதலாளி எதுவும் அறிவிக்கவில்லை. டிப்ளமோக்காரரும் தன் போர்டைச் சரிசெய்துதான் கொண்டுவந்திருந்தார். ஆனால் முதலாளி அவரை ஏணியோடு அனுப்பி, நாளுக்கு மூன்று போர்டாக இறக்கிவரச் சொன்னார். சூடு காட்டி அளக்கும் வேலை அம்மாவுக்கு. அளக்கிற கருவியெல்லாம் சோதனை மேசையில்தான் இருந்தது என்பதால் அங்கேயே உட்கார்ந்தாள். ஏழாவது போர்டில் இன்னொரு துண்டு அகப்பட்டது. மீதி எல்லாம் சுத்தம். வெள்ளிக்கிழமை பதின்மூன்றாவதையும் முடித்து எழுந்திருக்கிறாள்.

“எங்க கெளம்பிட்ட?” என்றாராம் முதலாளி.

“என் மேசைக்கு சார்.”

“அங்க வேற பொண்ணு வருது. அதுக்கும் நறுக்குன கம்பியை எண்ணிப் போடச் சொல்லிக் குடு. நீ உக்காரு.”

இவ்வளவையும் எங்களுக்குச் சொன்னது டிப்ளமோக்காரர்தான், எங்கள் வாசலில் நின்று, கொஞ்சம் பொறாமையோடு, நிறைய மரியாதையோடு. அம்மா சொன்னது ஒரே வரி: “நாற்காலி ரொம்ப ஒசரம். காலு தொங்குது.”

சனிக்கிழமை நான் பழைய அலமாரிப் பலகையை அறுத்து ஆணியடித்து ஒரு கால்மணை செய்தேன். ஒரு பக்கம் லேசாக ஆடும்.

“இது எதுக்குடி?”

“என்னை அறையணும்னா உனக்கு ஒசரம் பத்தாதுல்ல, அதுக்குத்தான்.”

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆடுகிற காலுக்கு அடியில் அட்டையை மடித்து ஒட்டினாள். திங்கட்கிழமை காலை சாப்பாட்டுப் பையை ஒரு கையிலும் கால்மணையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, பேருந்தில் இடிபட்டு ஏறிப் போனாள்.