தேன் அப்பிய கால்

கள்ளிக்குப்பத்தில் அண்ணன் வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது எறும்புகள்தான். ஜன்னலிலிருந்து சுவர் வழியாக இறங்கி, கட்டில் காலில் ஏறி, அம்மாவின் வலது பாதத்தில் சுற்றியிருந்த துணிக்குள் போய்க்கொண்டிருந்தன. அம்மா ஜெபமாலையும் கையுமாக டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போய் வெகுநாளாகிறது. எறும்பு கடிப்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

துணியைப் பிரித்தேன். செருப்பு கடித்த சின்னப் புண் என்று போனில் சொல்லியிருந்தான் அண்ணன். பெருவிரல் கறுத்துக் கிடந்தது. மஞ்சளும் தேனும் குழைத்து அப்பியதற்கு அடியிலிருந்து அழுகல் நாற்றம் வீசியது.

"இன்னா பண்ணி வெச்சிகீற நீ?" பக்கத்தில் நின்ற அண்ணனைக் கேட்டேன்.

"தேன்தான வெச்சேன், விஷமா வெச்சேன்? ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனா கால எடுத்துருவான். அதான் வேணுமா உனுக்கு?"

"சுகராச்சும் பாத்தியா?"

"வந்துட்டா, எப்பவோ ஒரு தபா வந்து நாட்டாம பண்றதுக்கு! கூட வெச்சிப் பாத்துக்கிறவன் நானு."

ஆட்டோவுக்குச் சொன்னேன். அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அம்மாவும் அவன் பக்கம்தான்: "அவன் நல்லதுக்குத்தாண்டி செய்றான்." நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மானத்துக்குப் பயந்து வழிவிட்டான்.

ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது, விரலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

"தேன் வெச்சது தப்பா டாக்டர்?" என்று கேட்டான்.

"புண்ணுக்குத் தேன் போடறது உண்டு. அதுக்குன்னே சுத்தம் பண்ணின தேன் வருது. ஆனா சர்க்கரை உள்ளவங்க கால்ல புண்ணு வந்தா உடனே காட்டணும். எவ்வளவு ஆழம்னு பாக்காம மேல பூசி மூடினதுதான் வினை."

அவன் காதில் முதல் வரி மட்டும்தான் விழுந்தது. "கேட்டுக்கினியா? தேன் போடலாமாம்."

அறைந்துவிடக்கூடாது என்று கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

விரல் போயிற்று, பாதம் தப்பியது. இப்போது அம்மா ஐயப்பன்தாங்கலில் என் ஃப்ளாட்டில் இருக்கிறாள். கட்டு மாற்றும்போதெல்லாம், "அவன் கை எவ்ளோ மெதுவு தெரியுமா?" என்கிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சால் துடைக்கிறேன்.

அண்ணனோடு எனக்குப் பேச்சு இல்லை. அம்மாவின் விரலை வெட்டவைத்தது நான்தான் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிறான். யாராவது கேட்டால் அம்மாவும் அதை மறுப்பதில்லை.