'நன்றி' வரைக்கும்தான் படித்தேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மதுரை தமுக்கத்தில் புத்தகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போய்விட்டு வரலாம் என்று என் கணவர் கூப்பிட்டார். எங்கள் வீடு தல்லாகுளத்தில் இருக்கிறது, நடந்தே போகிற தூரம்தான். ஆனாலும் எனக்குப் போக மனசில்லை. புத்தகங்களைப் பார்த்தால் எனக்கு அப்போதெல்லாம் சந்தோஷம் வராது, எரிச்சல்தான் வரும்.

அதற்குக் காரணம் உண்டு. நான் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். பகல் முழுக்க அடுத்தவர்களுடைய சண்டையை டைப் செய்கிறவளுக்குச் சொந்தமாகவும் நாலு வரி எழுதிப் பார்க்கலாமே என்று ஒருநாள் தோன்றியது. கதை எழுத ஆரம்பித்தேன். பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். கப்பலூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர், ஷிஃப்ட் முடிந்து வரும்போது கடையில் நின்றபடியே பத்திரிகையைப் புரட்டி என் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். வாங்காமல் புரட்டுகிறாரே என்று கடைக்காரர் முறைத்தால் உடனே வாங்கிவிடுவார். அப்படி வாங்கியதே வீட்டில் ஒரு அடுக்கு சேர்ந்துவிட்டது.

சில பத்திரிகைகள் பதிலே போடாது. போடுகிறவர்களின் மின்னஞ்சல் எல்லாம் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். 'தங்கள் படைப்பை அனுப்பியமைக்கு நன்றி.' அடுத்த வரியில் 'எனினும்' என்று ஒரு வார்த்தை வரும். அதோடு கதை முடிந்தது. முதலில் வந்தவற்றை எழுத்து விடாமல் படித்து, அழுது, அன்றைக்கெல்லாம் ரசத்தில் உப்புப் போட மறந்திருக்கிறேன். அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். 'நன்றி' என்ற சொல் கண்ணில் பட்டதும் அதற்குக் கீழே போகாமல் அழித்துவிடுவது. மனசும் கெடாது, சமையலும் கெடாது. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற பெண்ணிடம் இதை ஒரு சாமர்த்தியமாகவே சொல்லிப் பீற்றிக்கொண்டிருக்கிறேன்.

கதையோடு போன் நம்பரும் எழுத வேண்டும் என்பது வழக்கம். நான் எழுத மாட்டேன். படித்தே தாங்க முடியாததை யாராவது வாயால் சொன்னால் எப்படித் தாங்குவது?

அந்தச் சமயத்தில் ஒரு கதை எழுதினேன். கோர்ட்டில் நான் கண்ணால் பார்த்த விஷயம். விவாகரத்து கேட்டு வழக்குப் போட்ட ஒரு பெண், ஒவ்வொரு வாய்தாவுக்கும் இரண்டு பொட்டலம் புளியோதரை கட்டிக்கொண்டு வருவாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் பிடித்துச் சாப்பிடாமல் வருகிற அவள் புருஷனுக்கு. கையில் கொடுக்க மாட்டாள். அவன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொள்வாள். இதை எழுதி முடித்தபோது, இந்தக் கதை நிச்சயம் வரும் என்று எனக்கே ஒரு நம்பிக்கை இருந்தது. அதற்கும் 'நன்றி'தான் வந்தது. வழக்கம்போல் அழித்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே பத்திரிகையிலிருந்து இன்னொரு மின்னஞ்சல். ஒரு கதைக்கு இரண்டு தரம் நன்றி சொல்வார்களா என்று கோபம் வந்து, அதைத் திறக்காமலே அழித்தேன். இந்தக் கதையே வேண்டாமென்றால் வேறு எதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று எழுதுவதையே விட்டுவிட்டேன். இனிமேல் பத்திரிகை வாங்க வேண்டாம் என்று கணவரிடமும் சொல்லிவிட்டேன். 

நாலு வருஷம் ஓடிப்போயிற்று. அப்புறம்தான் இந்தப் புத்தகக் கண்காட்சி.

நான் வேண்டுமென்றே கண்டுகொள்ளாமல் தாண்டிப் போன ஸ்டால் முன்னால் என் கணவர் நின்றுவிட்டார். அதே பத்திரிகைக்காரர்களின் ஸ்டால். உள்ளே கண்ணாடி போட்ட ஒருவர் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே உதவி ஆசிரியராம்.

"எங்க வீட்ல கூட கதையெல்லாம் எழுதுவாங்க சார். உங்களுக்கு எம்புட்டோ அனுப்பினாங்க. நீங்கதான் ஒண்ணு கூடப் போடல" என்றார் என் கணவர்.

எனக்கு மானம் போயிற்று. அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அந்த உதவி ஆசிரியர் கோபித்துக்கொள்ளவில்லை. சிரித்தபடி என் பெயரைக் கேட்டார், என்ன கதை என்று கேட்டார். புளியோதரை என்று சொன்னதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"அது நீங்கதானாம்மா? அந்தக் கதையை எங்க ஆசிரியர் எங்களை உட்கார வெச்சு வாசிச்சே காட்டினாரு. கடைசி பாராவை மட்டும் எடுத்துட்டு அனுப்புங்க, உடனே போட்டுடலாம்னு உங்களுக்கு எழுதினாரு. பதில் இல்லைன்னு மறுபடியும் எழுதினாரு. போன் நம்பர் கூட இல்லையேம்மா உங்க கதையில."

கடைசிப் பாரா எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தப் பெண் ஏன் சோறு கொண்டுவருகிறாள் என்று வாசகருக்கு நான் பாடம் எடுத்திருந்த பாரா. அதை எடுத்துவிடச் சொன்னவர் என் கதையைச் சரியாகப் படித்திருக்கிறார். நான் வந்த மின்னஞ்சலை முழுசாகப் படிக்காமலே அழித்துவிட்டேன் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? ஆசிரியரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அவர் நம்பர் கிடைக்குமா என்று மட்டும் கேட்டேன்.

"போன வருஷம் தவறிட்டாரும்மா" என்றார்.

கண்காட்சிக்கு வெளியே வந்து நடந்தோம். 'நன்றி'யோடு நிறுத்தி எல்லாவற்றையும் அழித்துவிட்டதை வழியில்தான் அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"இம்புட்டு நாளா அந்த ஆசிரியர் மனுசனையில்ல வஞ்சுக்கிட்டு இருந்தேன். கடைசி வரைக்கும் படிச்சிருந்தா என்ன கொறஞ்சா போயிருப்ப?"

கோபமாகக் கேட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவர் வருத்தமாகக் கேட்டார். பத்திரிகைக் கடையில் நின்று முறைப்பு வாங்கியது அவர்தானே. சமையலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அடுத்த வாரம் அந்தப் பாராவை எடுத்துவிட்டுக் கதையை மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை போன் நம்பரும் எழுதினேன். இப்போது அங்கே வேறு ஆசிரியர். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. 'தங்கள் படைப்பை அனுப்பியமைக்கு நன்றி' என்றுதான் ஆரம்பித்தது. கை தானாக அழிக்கப் போனது, பிடித்து நிறுத்தி, கீழே வரை இறக்கி இறக்கிப் படித்தேன். 'எனினும்' வந்தது. கையெழுத்து வந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

இப்போது மறுபடி எழுதுகிறேன். திரும்பி வருவதும் நடக்கிறது, வருத்தமும் இருக்கிறது. ஆனால் அது பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். என் கதையை யாரும் படிப்பதில்லை என்று ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டிருந்தேனே, அதை வரி வரியாகப் படித்து ரசித்த ஒரு மனிதர் எனக்கு எழுதியதை நான் ஒரு வரிக்கு மேல் படிக்கவில்லை என்பதுதான்.